கிருபையும் கூலியும்

எங்க நைனா செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் அவித்தவர். வீடு புழலில் என்று பெயர்தான். மாசத்தில் பாதி நாள் ஆலைதான் வீடு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொட்டியில் ஊறின நெல்லை வாரி அவியலுக்குப் போடணும். விடிந்ததும் களத்தில் கொட்டிப் பரப்பணும். வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே இருக்கணும். மழைக்கு இருட்டினால் ஓடிப்போய் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடணும். இத்தனைக்கும் அடியில் ஒரு அட்வான்ஸ் இருந்தது. எங்க ஆயாவின் சாவுச் செலவுக்கு வாங்கின பணம். அதில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று நைனாவுக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளையின் நோட்டுக்குத்தான் தெரியும்.

1976-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நைனா ஞானஸ்நானம் வாங்கினார். எனக்குப் பத்து வயசு. அதற்கு முன்னால் மூணு மாசம் வகுப்பு நடந்தது. எங்கள் சபையில் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். ஊர் ஐயரை விட்டு வந்தவர்களுக்கு இங்கேயும் ஒரு ஐயர். அவர் ஒருநாள் கிருபையைப் பற்றிப் பாடம் சொன்னார். கிருபைக்கு விலை கிடையாது, நீ செய்கிற வேலைக்குக் கூலியாக அது வருவதில்லை, தகுதியே இல்லாதவனுக்குத் தேவன் சும்மா கொடுப்பதுதான் கிருபை என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து, "ஐயரே, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு சும்மா குடுத்தவன் எவனும் என்னை சும்மா உட்டதில்ல. இது மட்டும் எப்படி?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். விசுவாசத்தில் வளரணும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர், "சோத்துக்கு வர்றவனுங்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்" என்று இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏறக்குறைய ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வியோடு இருக்கிறேன். இடையில் விசுவாசத்தை விட்டேன். திரும்பவும் வந்தேன். விட்டதற்கும் காரணம் அந்தக் கேள்வி, வந்ததற்கும் காரணம் அந்தக் கேள்விதான். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

*

நைனா கேட்டதை அறியாமை என்று சிரித்தார்கள். அது ஒரு இறையியல் கேள்வி. கிருபை என்ற சொல்லை அவர் கோயிலில் முதன்முதலாகக் கேட்கவில்லை. "உங்க கிருபை இருந்தா போதும் சாமி" என்று ஆண்டை வீட்டு வாசலில் நின்று அவருடைய அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பொங்கலுக்கு ஒரு பழைய வேட்டி, கல்யாணத்தில் மிஞ்சின சோறு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அஞ்சு ரூபாய். எல்லாம் சும்மா கொடுத்ததுதான். மறுநாள் விடியற்காலையில் ஆள் வரும்.

கூலிக்கும் இனாமுக்கும் உள்ள வித்தியாசம் உழைக்கிறவர்களுக்குத் தெரியும். கூலி கொடுத்தால் சாயங்காலத்தோடு கணக்கு முடிந்தது. வாங்கினவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். இனாம் வாங்கினால் கணக்கு முடியவே முடியாது. எழுதி வைக்காத கடனை அடைக்க வழி ஏது? அடிமைத்தனத்தைச் சங்கிலி மட்டும் காப்பாற்றவில்லை, கருணையும் காப்பாற்றியது. அதனால்தான் நம்முடைய இயக்கங்கள் எடுத்த எடுப்பில் கருணை வேண்டாம், உரிமை வேண்டும் என்று முழங்கின. 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில் வடசென்னைச் சுவர்களில் நாங்களும் அதைத்தான் எழுதினோம். மறுவருஷம் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்துக்குள்ளேயே சாதி எப்படிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அதில் படித்தபோது நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கேள்வி இதுதான். ஆளுகிறவன் முன்னால் கைநீட்ட மாட்டேன் என்று சொல்லுகிற தலித், கடவுள் முன்னால் மட்டும் கைநீட்டலாமா? உரிமை பேசும் வாய் கிருபையும் பேச முடியுமா?

*

இதற்குப் பதில் தேடினால் முதலில் இந்த மண்ணின் வரலாற்றுக்குள் போக வேண்டும். இரட்சிப்பு என்பது ஆத்துமாவுக்கா, உடம்புக்கா என்ற தகராறு இங்கே வெறும் புத்தகத் தகராறாக இருந்ததில்லை.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருந்த சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சபை அதில் தலையிடக்கூடாது என்பது அவர்கள் வாதம். அறுபது வருஷம் கழித்து, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகளிலிருந்து பறையர்கள் கூட்டம் கூட்டமாக மிஷனரிகளைத் தேடி வந்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை அது. சொந்தமாகக் குடிசை போடும் மனைகூட மிராசுதாரருடையது. 1843-லேயே அடிமைமுறை சட்டப்படி போய்விட்டது என்பதெல்லாம் காகிதத்தில்தான். அப்போது கேட்ட வார்த்தை என்ன? இவர்கள் உலகக் காரியத்துக்காக வருகிறவர்கள். அரிசிக் கிறிஸ்தவர்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதிக் கிறிஸ்தவனின் சாதி உலகக் காரியம், ஆகவே அதை அவன் வைத்துக்கொள்ளலாம். சேரிக் கிறிஸ்தவனின் பசியும் உலகக் காரியம், ஆகவே அதை அவன் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆத்துமாவுக்கும் உடம்புக்கும் நடுவில் போட்ட ஒரே கோடு ஒருவனுக்கு வேலியானது, இன்னொருவனுக்குச் சுவரானது.

எல்லா மிஷனரிகளும் இப்படி இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். திருவள்ளூர்ப் பக்கம் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தோடு வாதாடினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையும்தான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. மனிதன் மனிதனாக நிற்க முதலில் நிற்கும் இடம் அவனுடையதாக இருக்கவேண்டும் என்பதை அந்தச் சிலர் கண்டுகொண்டார்கள். ஆனால் சபையின் வேதபாடத்துக்குள் அது வரவே இல்லை. நிலம் வேறு பாடம், இரட்சிப்பு வேறு பாடம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கிருபை ஒன்றினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று சொல்லி ஐரோப்பாவையே உலுக்கியவர் மார்ட்டின் லூதர். அதைக் கேட்ட ஜெர்மன் விவசாயிகள் 1525-ல் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து தன் இரத்தத்தால் எங்களை மீட்டிருக்கிறார், அப்படியிருக்க நாங்கள் பிரபுக்களுக்குப் பண்ணையடிமையாக இருப்பது எப்படிப் பொருந்தும் என்பது அதில் மூன்றாவது. லூதர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்தவ விடுதலையை மாம்சத்துக்குரியதாக ஆக்கிவிட்டார்கள் என்றார். கலகம் முற்றியபோது விவசாயிகளை ஒடுக்கச் சொல்லிப் பிரபுக்களுக்கே எழுதினார். அந்த விவசாயிகளும் எங்க நைனாவும் ஒரே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*

சபை போட்ட கோட்டைச் சட்டமும் போட்டது. 1950 ஆகஸ்டில் வந்த ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இருப்பவரே அட்டவணைச் சாதியினர் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை மதத்தைக் காரணம் காட்டித் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். சூசை வழக்கு என்று அதற்குப் பெயர். 1985-ல் தள்ளுபடியானது. மதம் மாறின பிறகும் சாதி இருக்கிறது என்று சொன்னால் போதாது, அதே கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஒரு பங்க் கடை. சும்மா கொடுத்தது. அதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

கொடுமை தொடர்கிறதா என்று நீதிமன்றம் கேட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களின் பிணங்களைத் தனியே பிரித்து நின்ற சுவரைக் கேட்டிருக்கலாம். தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதற்காக 2008 மார்ச்சில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் கண்ட ஏறையூரைக் கேட்டிருக்கலாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒரு ஆவணம் வெளியிட்டபோது சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994 அக்டோபர் 10-ல் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை. ஜான் தாமஸ், ஏழுமலை. பெயரைப் பார்த்தாலே தெரியும், ஒருவரைச் சட்டம் ஒரு பக்கமும் மற்றவரை இன்னொரு பக்கமும் நிறுத்தும். 1892-ன் நிலத்தைக் கேட்டு அவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு, இரட்சிப்பைப் பற்றி ஐயரிடம் கற்றதைவிட அதிகமாகக் கற்றேன். மீட்பு என்ற சொல்லை நிலத்துக்குப் பக்கத்தில் வைத்து முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

*

நம் தோழர்கள் இந்த இடத்தில் கேட்பார்கள்: அப்படியானால் நேராக நிலத்தையே கேட்டுவிட்டுப் போகலாமே, நடுவில் கடவுள் எதற்கு? இது அலட்சியமாக ஒதுக்கும் கேள்வி அல்ல. இதே சென்னையிலிருந்து அயோத்திதாசர் 1898-ல் பௌத்தத்துக்குப் போனார். அம்பேத்கர் 1956-ல் போனார். அவர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் புத்தரை மோட்சம் தருகிறவராக அல்ல, வழி காட்டுகிறவராகவே காட்டுகிறார். மார்க்கதாதா, மோட்சதாதா என்று பிரித்துச் சொல்கிறார். கிறிஸ்தவத்துக்குப் போன தீண்டப்படாதவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உன் நிலைமைக்கு உன் பாவம் காரணம் என்று சொல்லிக் கொடுத்ததால், சமூகம் காரணம் என்று பார்க்கும் கண் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று என்பது அவர் விமர்சனம்.

அது உண்மை. எங்க நைனாவையும் பாவி என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெல் வாருகிறவனிடம் நீ பாவி என்று சொல்லுகிறவர்கள், அவனை அந்த நேரத்துக்கு எழுப்பினவன் யார் என்று கேட்கவே இல்லை. பாவம் செய்தவனுக்கு ஒரு இரட்சிப்பு இருக்கிறது என்றால், யாருக்கு எதிராகப் பாவம் செய்யப்பட்டதோ அவனுக்கு என்ன இருக்கிறது? அரவிந்த் நிர்மல் 1981-ல் பெங்களூரில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அவர்களுடைய இறையியல் வேண்டும் என்று பேசினதும், பிறகு கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் தலித் இறையியல் துறை வந்ததும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு, நாம் அறிந்த பரட்டை, 2005-ல் சாகும்வரை 'ஒரே உலை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே உலையில் பொங்கின சோற்றை எல்லாரும் உண்பதுதான் திருவிருந்து என்றார். சோற்றுக்கு வந்தவர்கள் என்ற வசையை எடுத்து அதையே வேதமாக்கினவர் அவர்.

இவர்களையெல்லாம் படித்த பிறகும் நான் கோயிலுக்குத் திரும்பவில்லை. திரும்ப வைத்தது ஒரு பெண் கேட்ட கேள்வி.

*

செங்குன்றம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்ததும், வருவாய்த்துறையார் போய் மீட்டதும் பலமுறை நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி மீட்கப்பட்ட குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நானும் போயிருந்தேன். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது, ஆனால் 1975 அக்டோபர் 25 முதலே அமலுக்கு வந்ததாக அதில் இருக்கிறது. கொத்தடிமை விடுதலையாகிறான் என்பதோடு அது நிற்கவில்லை. அவன் வாங்கின கடனும் ஒழிந்தது, அதைத் திருப்பிக் கேட்கவே கூடாது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது.

இதை எடுத்துச் சொன்னபோது ஒரு பெண் கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. முப்பது வயசு இருக்கும். "ண்ணா, வாங்குன காசு வாங்குனதுதானே? குடுக்காம போனா கன்னியம்மா கேக்காதா?" என்றாள்.

சட்டம் அவளை விட்டுவிட்டது. அவளுக்குள் இருந்த கணக்கு நோட்டு விடவில்லை. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன். எட்டாயிரம். வந்து எத்தனை வருஷம்? நாலு. வேலை செய்தது அவள், அவள் புருஷன், பெரிய பையன். அரசு சொன்ன கூலி இவ்வளவு, வாரம் கையில் கொடுத்தது இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் கூட்டிக் காட்டினேன். முதல் சில மாசத்திலேயே எட்டாயிரம் தீர்ந்துபோயிருந்தது. அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவங்கதான் எங்களுக்குப் பாக்கியா?" என்றாள். எழுந்தாள். சான்றிதழை முந்தானையில் முடிந்துகொண்டு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நைனாவின் கேள்விக்குப் பதிலை அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆலைக்காரனின் நோட்டில் இருந்து பார்த்தால் அவள் கடன் தள்ளுபடியானது கிருபை. அவள் உடம்பிலிருந்து பார்த்தால் அது தாமதமாக வந்த நீதி. ஒரே காகிதம்தான். எந்தப் பக்கம் நின்று படிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆண்டையின் இனாம் கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கொடுப்பது. அதனால்தான் அது சும்மா விடாது. நோட்டையே கிழித்துப் போடுவதுதான் கிருபை.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மத்தேயு எழுதுகிற சொல் கடன்தான். கிரேக்கத்திலும் கடன், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் கடன். நாம்தான் அதைக் குற்றம், பாவம் என்று மனசுக்குள்ளேயே அடைத்துவிட்டோம். மீட்பு என்பதும் அப்படித்தான். நம் பெண்கள் சேட்டுக் கடையில் வைத்த கம்மலை மீட்கிறார்கள். லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், வறுமையால் தன்னை விற்றுக்கொண்டவனைப் பங்காளி போய் மீட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி மீட்கிற உறவுக்காரனுக்கு எபிரேயத்தில் ஒரு சொல் உண்டு. யோபு கடவுளைக் கூப்பிடுவது அந்தச் சொல்லால்தான். கடவுள் நமக்கு ஆண்டை அல்ல, சொந்தக்காரன். ஜாமீனுக்கு வந்து நிற்கிறவன். சொந்தக்காரன் வந்து மீட்டால் யாரும் கைநீட்டி வாங்கினதாகச் சொல்வதில்லை.

*

இதோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். முடிக்க முடியாது.

நான் ஏன் அந்த இருளர் குடும்பங்களுக்கு மனு எழுதப் போனேன் என்பதை இதுவரை சொல்லவில்லை. ஞானஸ்நானம் வாங்கி ஐந்தாறு வருஷத்தில் நைனா ஆலையில் மேஸ்திரியானார். நெல் வாருவதை விட்டு ஆள் சேர்க்கும் வேலை. ஊர் ஊராகப் போய் இருளர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டிவருவார். ஓடிப்போனவர்களைத் தேடிப் போய்ப் பிடித்துவருவதும் அவர் வேலை. என் பள்ளிக்கூடச் செலவும் பிறகு கல்லூரிச் செலவும் அதிலிருந்து வந்தன. எங்கள் வீட்டில் இருளருக்குத் தண்ணீர் கொடுக்கும் டம்ளர் வெளித்திண்ணையில் இருந்தது. கருணை வேண்டாம், உரிமை வேண்டும் என்று சுவரில் எழுதின கை, அந்தப் பணத்தில் படித்த கை.

உரிமையின் மொழி எனக்கு மிகவும் வேண்டியது. ஆனால் எனக்கு வரவேண்டியதைக் கேட்கத்தான் அது கற்றுக்கொடுத்தது. நான் கொடுக்க வேண்டியதை, கொடுத்தாலும் தீராததை, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அது சொல்லவில்லை. கடன்பட்டவனும் நான்தான், கடன் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளையும் நான்தான் என்று தெரிந்த இடத்தில்தான் எனக்குக் கிருபை என்ற சொல் மறுபடியும் தேவைப்பட்டது.

அதையும் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. ஹிட்லருக்கு எதிராக நின்று 1945-ல் தூக்கில் ஏற்றப்பட்ட போன்ஹோஃபர், மனந்திரும்பாமல் மன்னிப்பை மட்டும் விநியோகிப்பதை மலிவான கிருபை என்றார். சகேயுவின் கதையைப் பாருங்கள். வரி வசூலில் கொழுத்தவன். சொத்தில் பாதியைத் தரித்திரருக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இரட்சிப்பு இன்றைக்கு இந்த வீட்டுக்கு வந்தது என்கிறார் இயேசு. அவர் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தது கிருபை. அவன் திருப்பிக் கொடுத்தது அதற்கு விலை அல்ல. அது வந்ததற்கு அடையாளம். நசுக்கப்பட்டவனுக்குக் கிருபை நீதியாக வருகிறது. நசுக்கினவனுக்கு நீதியே கிருபையாக வருகிறது. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிரசங்கிக்கிற சபை இரண்டையும் இழக்கிறது.

மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கதையை எங்கள் பக்கம் யாரும் விளக்க வேண்டியதில்லை. செங்குன்றம் கூட்ரோட்டில் காலையில் கூலிக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் போதும். எட்டு மணிக்குள் வாட்டசாட்டமானவர்களை வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். பதினோரு மணிக்கும் நிற்கிறவர்கள் வயசானவர்கள், கை விளங்காதவர்கள், கைக்குழந்தைக்காரிகள். அந்தத் தோட்டக்காரன் கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்தபோது முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என் பணம், என் இஷ்டம் என்று அவன் சொல்வது எனக்கு ஆண்டையின் குரலாகக் கேட்டு நெடுநாள் எரிச்சலாக இருந்தது. இப்போது வேறு ஒன்று தெரிகிறது. அவன் கொடுத்தது ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு. முதலில் வந்தவனுக்குப் பேசின கூலியில் ஒரு காசு குறையவில்லை. கடைசியில் வந்தவனை எடைபோட்டது தகுதி அல்ல, பசி. தகுதி என்பதுதான் சாதியின் உயிர்நாடி. பிறப்பில் தகுதி, படிப்பில் தகுதி, பந்தியில் தகுதி, சுடுகாட்டில் தகுதி. யாருக்கும் தகுதி கிடையாது, எல்லாருக்கும் சோறு உண்டு என்று சொல்லுகிற கிருபையைப்போல் சாதிக்கு எதிரி வேறில்லை. அதை வைத்துக்கொண்டே சாதி காத்த சபைகள் எவ்வளவு பெரிய பொக்கிஷத்தின் மேல் உட்கார்ந்து பட்டினி கிடந்திருக்கின்றன!

*

நைனா கடைசிப் பத்து வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். ஆனால் இராப்போஜனம் வாங்க முன்னால் போகமாட்டார். பின்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "கணக்கு பாக்கி கீதுடா" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் ஞானஸ்நானம் வாங்கின அதே 1976-ல்தான் கொத்தடிமைச் சட்டமும் வந்தது. இரண்டு விடுதலைகள் அறிவிக்கப்பட்ட வருஷம் அது. ஒன்றைத்தான் கோயிலில் வாசித்தார்கள். மற்றதையும் பீடத்திலிருந்து வாசித்திருந்தால், நைனா தன் அட்வான்ஸிலிருந்து வெளியே வந்திருப்பார். மேஸ்திரி ஆகாமலே போயிருப்பார். யாருடைய அட்வான்ஸும் அவர் கையால் போயிருக்காது. ஒரு அறிவிப்பை விட்டதில் எத்தனை பேருடைய இரட்சிப்பு தள்ளிப்போனது என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

நான் இப்போது சனிக்கிழமைகளில் இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் மனுவும் மனைப்பட்டா மனுவும் எழுதுகிறேன். நாலத்தனை ஆகாது. அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் நைனா உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறேன். போன ஈஸ்டர் அன்று எழுந்து முன்னால் போனேன். நைனாவின் பங்கையும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டு கைநீட்டினேன். கணக்கு பாக்கி இருக்கிறது. அதனால்தான் போனேன்.